இணைப்பு உண்டு என்கிறது தொலைபேசி: யாருடன்?

கட்டாரிலோ சவூதியிலோ தொழில் புரியும் மகனுக்கு உம்மா இரவில் ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார். வழமையாக உடனேயே இரண்டு சரி அடையாளங்கள் விழும். அன்று ஒன்று மட்டுமே விழுந்தது. சுபஹு வரைக்கும் அதே ஒன்றுதான். அதற்குள் வீட்டில் எத்தனை கற்பனைகள்! விபத்தா, பொலிஸ் பிரச்சினையா, கபீல் தொலைபேசியைப் பறித்துக்கொண்டாரா, அல்லது ஏதோ கோபத்தில் எம்மை 'புளொக்' செய்துவிட்டானா? வெளிநாட்டில் ஒருவரேனும் இருக்கின்ற குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல.

அந்த ஒற்றை அடையாளம் உண்மையில் சொன்னது என்ன? 'உங்கள் செய்தியை வட்ஸ்அப் நிறுவனத்தின் கணனியிடம் ஒப்படைத்துவிட்டேன்' என்பது மட்டுமே. மகனைப் பற்றி அது ஒரு வார்த்தையேனும் சொல்லவில்லை. மிகுதி எல்லாம் நாம் சேர்த்துக்கொண்டவை.

கையடக்கத் தொலைபேசியும் கணனியும் நாள்தோறும் எமக்கு இவ்வாறான அறிவித்தல்களைத் தந்துகொண்டே இருக்கின்றன. 'கனெக்டெட்', 'டிஸ்கனெக்டெட்', 'கனெக்டிங்', 'நோ இன்டர்நெட்', 'டைம்ட் அவுட்' என்று அவை வரும்போது, ஏதோ முழுப் பாதையையும் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. ஒவ்வொரு அறிவித்தலும் பாதையின் ஒரு துண்டைப் பற்றி ஒரு சாட்சி சொல்லும் வாக்குமூலம். அந்தச் சாட்சி யார், அவருடைய கண் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் எத்தனையோ வீண் கலக்கங்கள் நீங்கும். சில வேளைகளில் பணமும் மிஞ்சும்.

கூடத்தில் இருக்கும் பெட்டி வரை

வைஃபை அடையாளத்தில் கோடுகள் நிறைந்திருந்தால் இணையம் நன்றாக இருக்கிறது என்பது பலரின் எண்ணம். அந்தக் கோடுகள் காட்டுவது உங்கள் தொலைபேசிக்கும் கூடத்தில் இருக்கும் ரவுட்டர் பெட்டிக்கும் இடையிலான வானொலி அலையின் பலத்தை மட்டுமே. பெட்டியிலிருந்து தெருக் கம்பத்துக்குப் போகும் வயர் அறுந்து கிடந்தாலும், மாத்தறையில் கரையேறும் கடலடிக் கேபிளில் பழுது ஏற்பட்டிருந்தாலும் கோடுகள் குறையப் போவதில்லை. பக்கத்து அறையில் இருப்பவரின் குரல் தெளிவாகக் கேட்பதை வைத்து, டோஹாவில் இருப்பவருக்கும் எமது குரல் கேட்கிறது என்று சொல்ல முடியாதல்லவா?

அப்படியானால் 'இணைப்பு உண்டு, இணையம் இல்லை' என்று தொலைபேசி எவ்வாறு கண்டுபிடிக்கிறது? இதற்கு அது செய்யும் வேலை மிகவும் எளிமையானது. வைஃபை கிடைத்ததும், உங்களுக்குத் தெரியாமலேயே, முன்கூட்டி குறித்து வைத்த ஓர் இடத்துக்கு ஒரு கேள்வியை அனுப்பிப் பார்க்கிறது. அன்ட்ரொய்ட் தொலைபேசி கூகுளின் கணனியிடம் வெறுமையான ஒரு பக்கத்தைக் கேட்கும். 'தருவதற்கு ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 204 என்ற இலக்கம் பதிலாக வந்தால் அதற்குத் திருப்தி. அப்பிள் தொலைபேசி 'சக்சஸ்' என்ற ஒரு சொல்லை எதிர்பார்க்கும். விண்டோஸ் கணனி விஸ்டா காலம் தொட்டே 14 எழுத்துக்களைக் கொண்ட ஒரு சின்னஞ்சிறு கோப்பைக் கேட்டுப் பார்த்து வந்தது. விண்டோஸ் 10இல் அந்தக் கோப்பு 'மைக்ரோசொஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்று மாறியது.

எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் உண்டு. வராவிட்டால் ஆச்சரியக்குறி. பதிலுக்குப் பதிலாக வேறேதும் பக்கம் வந்து நின்றால், 'இடையில் யாரோ வாசலை மறிக்கிறார்கள், ஹோட்டலாகவோ விமான நிலையமாகவோ இருக்க வேண்டும்' என்று ஊகித்து, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை எம்முன் திறந்து வைக்கிறது. 'இணையம் இல்லை' என்ற அறிவித்தலின் நேரான பொருள், 'நான் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை' என்பதுதான். அந்த ஓர் இடத்தை மட்டும் அலுவலகத்தின் பாதுகாப்பு மென்பொருள் மறித்திருந்தால், மற்ற எல்லாத் தளங்களும் திறக்கும்போதும் திரையில் 'இணையம் இல்லை' என்றே இருக்கும். 2020இல் விண்டோஸ் 10 கணனிகள் சிலவற்றில் ஒரு மென்பொருள் பிழையால் இதுவே நடந்தது. இணையம் வேலை செய்தது, அடையாளம் இல்லையென்றது, அடையாளத்தை நம்பிய சில செயலிகள் திறக்க மறுத்தன. மனிதரைப் போலவே மென்பொருளும் அறிவித்தலை நம்பி ஏமாறுகிறது.

மறுப்பு வேறு, மௌனம் வேறு

இணையத்தில் இரு கணனிகள் பேசிக்கொள்வதற்கான 'டிசிபி' என்னும் விதிமுறை 1981 செப்டெம்பரில் எழுதி வெளியிடப்பட்டது. இன்றைக்கும் பெரும்பாலான உரையாடல்கள் அதை ஒட்டியவைதான். முதலில் ஒரு பக்கம் 'பேசலாமா?' என்று கேட்கும். மறுபக்கம் 'பேசலாம், நான் சொல்வது உமக்குக் கேட்கிறதா?' என்னும். முதற்பக்கம் 'கேட்கிறது' என்று முடிக்கும். இந்த மூன்று வார்த்தைகள் பரிமாறப்பட்ட பின்னரே 'இணைக்கப்பட்டது' என்ற நிலை பிறக்கிறது.

இந்த முயற்சி தோற்கும் விதங்கள் பல. திரையில் வரும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் பொருள் வேறு வேறு. 'கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்' என்று வந்தால் மறுப்பு. கதவைத் தட்டினோம், உள்ளிருந்து ஒருவர், 'நீங்கள் தேடும் கடை இங்கே இல்லை' என்று சொல்லிவிட்டார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் இது ஒரு நல்ல செய்தி. ஏனெனில் பாதை சரியாக இருக்கிறது, மறுபக்கக் கணனியும் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, அந்தச் சேவை மட்டுமே ஓடவில்லை என்பது தெரிந்துவிட்டது. 'கனெக்ஷன் ரீசெட்' என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்திலிருந்தோ, இடையிலுள்ள ஏதேனும் ஒரு காவற்காரனிடமிருந்தோ உரையாடல் வெட்டப்பட்டது. 'நெட்வேர்க் அன்ரீச்சபிள்' என்றால், அந்த ஊருக்குப் பாதையே தெரியாது என்று எமது தொலைபேசியோ வழியிலுள்ள ரவுட்டரோ கையை விரித்துவிட்டது.

'டைம்ட் அவுட்' என்பதோ இவை எதிலும் சேராது. அது மௌனம். தட்டினோம், காத்திருந்தோம், ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் ஆளில்லையா, தூங்குகிறார்களா, தெருவே வெள்ளத்தில் மூழ்கி எமது தட்டல் போய்ச் சேரவில்லையா, அல்லது உள்ளிருந்து கொடுத்த பதில்தான் வழியில் தொலைந்ததா? மென்பொருளுக்குத் தெரியாது. தெரியாது என்பதை அது 'நேரம் கடந்துவிட்டது' என்ற சொல்லால் சொல்கிறது. நாம்தான் அதை 'முடியாது' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

இறந்த பின்னும் இரண்டு மணி நேரம்

இதைவிட விசித்திரமானது, ஏற்கெனவே அமைந்த இணைப்பு துண்டிக்கப்படும் விதம். உங்கள் வீட்டு வைஃபை நின்றுபோனால் தொலைபேசி உடனே சொல்லிவிடும். அது அதனுடைய சொந்த வானொலி, கைக்கெட்டிய தூரத்தில் நடக்கும் காரியம். ஆனால் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் கணனியின் மின்சாரம் நின்றால்? யாரும் வந்து சொல்லப் போவதில்லை. இறந்த கணனி 'நான் இறந்துவிட்டேன்' என்று கடிதம் போடுமா?

டிசிபி முறையில், பேசுவதற்கு ஒன்றும் இல்லாத நேரத்தில் இரு பக்கமும் முற்றாக மௌனமாக இருக்கலாம். இடையிலுள்ள வயரைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து மறுபடி செருகினால், அப்படி ஒன்று நடந்ததே இரு பக்கத்துக்கும் தெரியாமல் போகும். இணைப்பு என்பது வயரில் இல்லை. 'நாம் இருவரும் தொடர்பில் இருக்கிறோம்' என்று இரு பக்கமும் தத்தமது நினைவில் எழுதி வைத்திருக்கும் குறிப்பு, அவ்வளவுதான். ஒரு பக்கம் மறைந்த பின்னரும் மற்றப் பக்கத்தின் குறிப்பில் 'இணைப்பு உண்டு' என்றே இருக்கும்.

'இருக்கிறீரா?' என்று இடைக்கிடை கேட்கும் ஏற்பாடு இல்லாமலில்லை. 1989 ஒக்டோபரில் வெளிவந்த இணைய விதிக்கோவை அதற்கு இடம் தந்தது. ஆனால் கேட்டுக்கொண்டாலன்றி அது இயங்கவே கூடாது என்றும், இயங்கினாலும் சாதாரணமாக இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாத இடைவெளியில்தான் கேட்க வேண்டும் என்றும் கட்டுப்பாடு விதித்தது. இன்றைய லினக்ஸ் கணனிகளில் அந்தக் கணக்கு இப்படி: 7,200 செக்கன் மௌனத்துக்குப் பிறகு முதல் விசாரிப்பு, பின்னர் 75 செக்கனுக்கு ஒன்றாக மொத்தம் 9 தடவை, ஒன்றுக்கும் பதிலில்லாவிட்டால்தான் 'துண்டிக்கப்பட்டது'. கூட்டிப் பாருங்கள், 2 மணி 11 நிமிடம் 15 செக்கன். அவ்வளவு நேரமும் திரையில் இணைப்பு உயிரோடு இருக்கும்!

இது கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். விதியை எழுதியவர்கள் காரணத்தையும் சேர்த்தே எழுதினார்கள். வழியில் ஏற்படும் சிறு தடங்கலுக்கெல்லாம் நல்ல இணைப்பை இறந்ததாக அறிவித்துவிடக் கூடாது. வீணாகப் பாதையை நிரப்பக் கூடாது. அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் காசு அறவிடப்படும் இடங்களில் நலம் விசாரிப்பதற்காகவே பில் ஏறக் கூடாது. அடிக்கடி விசாரித்தால் அவசரப்பட்டு ஜனாஸா அறிவிப்பு கொடுத்துவிடும் ஆபத்து. அரிதாக விசாரித்தால் செய்தி தாமதம். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க வழியில்லை. இன்றைய செயலிகள் தமக்கென்று குறுகிய இடைவெளியில் 'நாடி' பிடித்துப் பார்க்கின்றன. எனினும் ஒவ்வொரு தடவையும் தொலைபேசி விழித்தெழ வேண்டும், பற்றரி கரையும். பற்றரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டைப் போட்டுவிட்டு, 'செய்திகள் சுணங்கி வருகின்றன' என்று முறையிடுவோர் இதைக் கவனிக்கலாம்.

வஸிய்யத் எழுதி வைக்கும் கருவிகள்

இந்தச் சிக்கலுக்கு நான் அறிந்த அழகான தீர்வு எண்ணெய்க் குழாய்களிலிருந்து வந்தது. பாலைவனத்தினூடே நூற்றுக்கணக்கான மைல் நீளும் குழாய்களில் அழுத்தம் பார்க்கும் கருவிகள் செய்மதி வழியாகச் செய்தி அனுப்ப வேண்டும். செய்மதிப் பாவனை செலவு மிக்கது. இணைப்பும் அடிக்கடி விழும். 1999இல் ஐபிஎம் நிறுவனத்தின் அண்டி ஸ்டான்ஃபர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் இவ்வாறான வேலைக்காக 'எம்க்யூடிடி' என்ற விதிமுறையை வகுத்தார்கள். அதிலே கருவியானது நடுநிலையமான கணனியுடன் இணையும்போதே ஒரு செய்தியை அதனிடம் ஒப்படைத்து வைக்கிறது: 'நான் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால், இதை உரியவர்களுக்கு அறிவித்துவிடவும்.' ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரும் நாம் வஸிய்யத் என்று சொல்லும் அதே பொருள் கொண்டதுதான்.

கருவி முறையாக விடைபெற்றுச் சென்றால் அந்த வஸிய்யத் கிழித்தெறியப்படும். விடைபெறாமல், ஒப்புக்கொண்ட இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் மௌனமாகிவிட்டால், நடுநிலையம் அதை வாசித்துவிடும். இதில் உள்ள நுட்பம் என்னவென்றால், 'போய்வருகிறேன்' என்று சென்றவரையும் காணாமற் போனவரையும் ஒரே சொல்லால் குறிக்காமல் பிரித்துக் காட்டுவது. பேஸ்புக் நிறுவனமும் 2011இல் தன்னுடைய மெசஞ்சர் செயலிக்கு இதே விதிமுறையைத் தெரிவுசெய்தது.

சரி அடையாளங்களின் அகராதி

இனி வட்ஸ்அப்புக்கு வருவோம். கடிகார அடையாளம் என்றால் செய்தி உங்கள் தொலைபேசியை விட்டே நகரவில்லை. குறை எமது பக்கத்தில். ஒரு சரி என்றால் நிறுவனத்தின் கணனி வரை போய்விட்டது. இரண்டு சரி என்றால் பெறுபவரின் தொலைபேசியையோ, அவர் அதனுடன் இணைத்து வைத்திருக்கும் வேறு கருவியையோ அடைந்தது. அலுவலகத்தில் திறந்து வைத்துவிட்டு வந்த கணனியாகவும் அது இருக்கலாம். நீல நிறம் 2014 நவம்பரில் சேர்ந்தது. அதையும் விரும்பியவர் நிறுத்தி வைக்கலாம். குழுவுக்கு அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பின்னரே இரண்டாவது அடையாளம் விழும். ஆகவே குடும்பக் குழுவில் ஒரு சாச்சாவின் தொலைபேசி பழுதாகி இருந்தால் போதும், அத்தனை பேருக்கும் ஒற்றை அடையாளம்தான்.

அழைப்பிலும் இதே பாகுபாடு உண்டு. 'கோலிங்' என்று இருக்கும்வரை நாம்தான் முயன்றுகொண்டிருக்கிறோம். 'ரிங்கிங்' என்று மாறினால் மறுபக்கத் தொலைபேசிக்கு அழைப்பு எட்டிவிட்டது. எடுக்காமல் இருப்பது வேறு விடயம்.

ஒற்றைச் சரிக்குப் பின்னால் தொலைபேசி அணைந்திருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், சிம் மாறியிருக்கலாம், அவர் உங்களைத் தடுத்தும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய முடியாதா என்றால், கடைசிக் காரணத்தைப் பொறுத்தவரை வேண்டுமென்றேதான் மங்கலாக வைத்திருக்கிறோம் என்று வட்ஸ்அப் நிறுவனமே சொல்கிறது. தடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவருக்குத் தொல்லை வரும் என்பது காரணம். நியாயமான ஏற்பாடு என்பதே என் அபிப்பிராயம். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து ஒதுங்கிய ஒரு பெண்ணை எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஆனால் அதற்கான விலையை, தடுக்கப்படாத உம்மாக்களும் இரவு விழித்துக் கொடுக்கிறார்கள். ஒப்படைக்க முடியாத செய்தியை அந்த நிறுவனம் 30 நாள் வரை வைத்திருக்கும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

எமது நாட்டில் இந்த அடையாளங்களை எல்லோரும் உற்றுப் பார்த்த நாட்கள் சில உண்டு. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போது, 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவை முடக்கப்பட்டன. கண்டிப் பக்கத்து உறவினரின் நிலை அறிய மற்ற ஊர்களில் இருந்தோர் துடித்த வேளை அது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் மறுபடி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்போதெல்லாம் வட்ஸ்அப் திரையில் வந்தது 'கனெக்டிங்' என்ற ஒரே சொல். வைஃபை கோடுகள் நிறைந்திருந்தன. கூகுளிடம் கேட்ட சோதனைக் கேள்விக்கும் பதில் வந்துகொண்டிருந்தது. ஆகவே தொலைபேசியின் கணக்கில் இணையம் உண்டு, வட்ஸ்அப்பின் கணக்கில் இல்லை. இரண்டும் பொய்யல்ல.

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குப் பின் இதே 'கனெக்டிங்' மறுபடியும் வந்தது. இம்முறை எந்த அரசும் காரணமல்ல. பேஸ்புக் நிறுவனம் தன் வலையமைப்பில் செய்த பராமரிப்பு வேலையின்போது பிறப்பிக்கப்பட்ட ஒரு கட்டளை, அதன் நிலையங்களை ஒன்றிலிருந்து ஒன்று துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து, அந்த நிறுவனத்தின் முகவரிகளுக்குப் போகும் பாதை விபரமே இணையத்திலிருந்து மறைந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் வட்ஸ்அப் இல்லை. அரசு மூடிய கதவும், வீட்டுக்காரர் தவறுதலாகப் பூட்டிக்கொண்ட கதவும் வெளியே நிற்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இவ்வாறான வேளையில் ரவுட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவதாலோ புதிதாக ரீலோட் செய்வதாலோ பயனில்லை. வேறொரு தளம் திறக்கிறதா என்று பார்ப்பதும், சாதாரணத் தொலைபேசி அழைப்பு எடுப்பதுமே முதல் வேலை.

பணம் போனதா, இல்லையா?

மௌனத்தைத் தவறாக மொழிபெயர்ப்பதால் வரும் நட்டம் கலக்கத்தோடு நிற்பதில்லை. வங்கிச் செயலியில் பாடசாலைக் கட்டணம் செலுத்துகிறீர்கள். சக்கரம் சுற்றுகிறது, பின் 'டைம்ட் அவுட்' என்கிறது. தோற்றுவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்புகிறீர்கள். மாலையில் பார்த்தால் இரண்டு தடவை கழிந்திருக்கிறது!

நடந்தது இதுதான். உங்கள் கட்டளை வங்கியை அடைந்தது, காரியமும் முடிந்தது, 'முடிந்தது' என்ற பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்தது. கட்டளை தொலைந்தாலும் பதில் தொலைந்தாலும் உங்கள் திரையில் ஒரே சொல்தான். இந்தப் புதிரைக் கணனி அறிஞர்கள் 1975இலேயே எழுதிவிட்டார்கள், அப்போது இரு கொள்ளைக் கூட்டத்தாரை உதாரணமாக வைத்து. 1978இல் ஜிம் கிரே அதை இரு தளபதிகளின் புதிர் ஆக்கினார். பள்ளத்தாக்கின் இரு பக்கமும் நிற்கும் இரு தளபதிகள் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும். தூதன் வழியில் பிடிபடக்கூடும். 'விடியலில் தாக்குவோம்' என்று அனுப்பினால், அது போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வேண்டும். பதில் போய்ச் சேர்ந்ததற்கு இன்னொரு பதில் வேண்டும். எத்தனை தூதரை அனுப்பினாலும் கடைசித் தூதனைப் பற்றிய சந்தேகம் தீராது. தீர்க்க வழியில்லை என்பது நிரூபிக்கப்பட்ட முடிவு.

அதனால் நல்ல மென்பொருட்கள் வேறு வழியை நாடுகின்றன. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் தனி இலக்கம் ஒன்று இடுவார்கள். அதே இலக்கத்தோடு கட்டளை பத்துத் தடவை வந்தாலும் வங்கி ஒரு தடவைதான் நிறைவேற்றும். ஆனால் நீங்கள் செயலியை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் புதிய இலக்கம் பிறக்கிறது. வங்கிக்கு அது வேறொரு கொடுப்பனவு. ஆகவே 'டைம்ட் அவுட்' என்று கண்டதும் மறுபடி அழுத்தாமல், மீதியைப் பாருங்கள், குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள், திரையில் தொடர்பிலக்கம் ஏதும் இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியை அழைக்கும்போது 'லைன் கட்டாகிவிட்டது, பணம் போனதா?' என்று கேட்பதைவிட, 'இந்த இலக்கத்தின் நிலை என்ன?' என்று கேட்டால் விரைவில் பதில் கிடைக்கும்.